“நல்ல கேள்வி” என்றார் சார், கேட்டவர் யாருமில்லை

ஆன்லைனில் வெப் டெவலப்மெண்ட் அடிப்படைக் கோர்ஸில் சேர நினைப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் கட்டிய பிறகுதான் எல்லாம் தெரிந்துகொண்டேன். எனக்குக் கோர்ஸ் விற்ற நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. பெயரை மாற்றிக்கொள்ள அவர்களுக்கு ஒரு நாள் போதும், ஆட்டத்தை மட்டும் மாற்ற மாட்டார்கள்.

மூன்று மாதம், வாரத்துக்கு நான்கு நேரலை வகுப்பு, சந்தேகம் தீர்க்கத் தனி ஆள், முடித்ததும் வேலைக்கு உதவி என்று விளம்பரம் சொன்னது. வலைப்பக்கம் எழுதும் மொழியான ஹெச்டிஎம்எல் என்றால் என்னவென்றே தெரியாதவர்களும் சேரலாமாம். நான் அந்த ரகம்தான். போனில் பேசிய பெண், “இன்னைக்கு ராத்திரிக்குள்ள கட்டினாத்தான் சார் இந்த ஃபீஸ்” என்றார். மொத்தமாகக் கட்ட முடியாது என்றதும் தவணைக்கு ஒரு லிங்க் அனுப்பினார். வந்த ஓடிபியைச் சொன்னேன். அந்த ஓடிபியின் கதை பின்னால் வருகிறது.

முதல் இரண்டு வாரத்தைக் குறை சொல்ல மாட்டேன். தலைப்பு, பத்தி, லிங்க், படம் என்று சார் பொறுமையாகத்தான் நடத்தினார். நோட்பேடில் நான்கு வரி அடித்து, அது பிரவுசரில் பக்கமாகத் தெரிந்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

மூன்றாவது வாரம் ஒரு மாலை. “யாருக்காவது சந்தேகம் இருக்கா?” என்று கேட்டுவிட்டு சார் கொஞ்சம் நிறுத்தினார். பிறகு, “ஆ, நல்ல கேள்வி” என்று பதில் சொல்லத் தொடங்கினார். சாட் பெட்டியைப் பார்த்தேன். யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை. நான் ஒரு கேள்வி அடித்தேன். அது அப்படியே கிடந்தது, சார் கண்டுகொள்ளவே இல்லை. இரண்டு நிமிடம் கழித்து சாட்டில் ஒருவர், “சவுண்ட் கேக்கல சார்” என்றார். எனக்கு நன்றாகவே கேட்டது. அடுத்த மாதம், அதே வகுப்பை மறுபடி கேட்க வேறொரு பேட்ச்சில் உட்கார்ந்தபோது, அதே பெயர், அதே இடத்தில், அதே “சவுண்ட் கேக்கல சார்”.

சந்தேகம் வந்தபின் திரையின் மூலையையே கவனிக்க ஆரம்பித்தேன். பெரும்பாலும் கோட் அடிக்கும் எடிட்டர்தான் திரை முழுக்க இருக்கும். ஃபோல்டரைத் திறக்க அவர் வெளியே வரும் நேரத்தில் மட்டும் கீழே கடிகாரம் தெரியும். ஒரு முறை சட்டென்று ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டேன். என் கணினியில் மணி இரவு 7.40. அவருடையதில் காலை 11.20, தேதியில் இருந்த ஆண்டு 2014.

பழைய வீடியோ என்றால் என்ன கெட்டுப்போயிற்று, தலைப்புக்குப் போடும் டேக் அன்றும் இன்றும் ஒன்றுதானே என்று கேட்கலாம். தலைப்பு டேக் ஒன்றுதான். ஆனால் மூன்று பெட்டிகளைப் பக்கம் பக்கமாக நிறுத்த அவர் மூன்று வகுப்பு எடுத்துக்கொண்டார். பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸில், எல்லாவற்றையும் ஃபுளோட் போட்டு இடப்பக்கம் தள்ளு, அகலத்தைச் சதவீதத்தில் பிரி, கீழே வருவது மேலே ஏறிவிடாமல் இருக்க கிளியர் போடு. ஒரு பிக்சல் பிசகினால் மூன்றாவது பெட்டி தடாலென்று கீழே விழும். அதை மேலே ஏற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் செலவழித்திருக்கிறேன். இன்று ஃபிளெக்ஸ்பாக்ஸ் என்ற சிஎஸ்எஸ் முறையில் அது இரண்டு வரி வேலை. இன்னொரு முறையான சிஎஸ்எஸ் கிரிட்டும் 2017 மார்ச்சிலேயே குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி மூன்றிலும் வந்துவிட்டது. இந்த இரண்டு பெயரும் கோர்ஸ் முடியும் வரை என் காதில் விழவில்லை. அழகுக்காக என்று அவர் சொல்லிக்கொடுத்த சென்டர் டேக்கும் ஃபான்ட் டேக்கும் 2014-லேயே காலாவதி, வீடியோ எடுத்த அன்றே அவை பழசு.

உச்சக்கட்டம் கடைசி மாதம். பிஹெச்பி என்ற மொழியில் ஹோட்டல் ரூம் புக்கிங் ப்ராஜெக்ட், அதற்கு ஒரு லாகின் பக்கம். சார் அடித்ததை எழுத்துக்கு எழுத்து அடித்தேன். அவருக்கு ஓடியது, எனக்கு “இப்படி ஒரு ஃபங்ஷனே இல்லை” என்று பிழை வந்தது. ‘தனி ஆளுக்கு’ டிக்கெட் போட்டேன். இரண்டு நாள் கழித்து வந்த பதில்: “பிரவுசர் கேச்சை அழித்துவிட்டு முயலவும்.” பிஹெச்பி ஓடுவது சர்வரில், பிழையும் அங்கேதான். பிரவுசர் சேமித்து வைத்திருக்கும் பழைய நகல்களான கேச்சை எத்தனை முறை துடைத்தாலும் அது போகாது. அன்று எனக்கு அது தெரியாததால் நான்கு முறை துடைத்தேன். மறுபடி கேட்டதற்கு, “பழைய பிஹெச்பியை இன்ஸ்டால் செய்யவும்” என்றார்கள். அவர்கள் பாடத்தில் இருந்த, மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸோடு பேசும் பழைய ஃபங்ஷன்களை பிஹெச்பி 7-லிருந்தே தூக்கிவிட்டார்கள். அது வெளியானது 2015 டிசம்பரில். பாடத்தைத் திருத்துவதற்குப் பதில் என் கணினியைப் பின்னோக்கி இழுக்கச் சொன்னார்கள்!

சொன்னபடி பழையதைப் போட்டு ஓடவும் வைத்தேன். ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது, அந்த லாகின் பக்கம் பூட்டே இல்லாத கதவு. பயனர் அடிப்பதை அப்படியே எடுத்து டேட்டாபேஸ் கேள்விக்குள் ஒட்டியிருந்தார்கள். பெயர் கேட்கும் இடத்தில் ஒரு மேற்கோள்குறியும், ‘அல்லது ஒன்றும் ஒன்றும் சமம்’ என்று பொருள்படும் ஒரு துண்டும் போட்டேன். பாஸ்வேர்ட் இல்லாமலே உள்ளே போய்விட்டேன். எஸ்கியூஎல் இன்ஜெக்ஷன் என்று இதற்குப் பெயர். வேலை தேடும்போது காட்டுங்கள் என்று அவர்கள் கையில் கொடுத்த ப்ராஜெக்ட் இதுதான்.

காட்டவும் செய்தேன். நேர்காணல் எடுத்தவர் சிரித்துவிட்டு, “இந்த ஹோட்டல் ரூம் புக்கிங் பக்கத்தை இந்த மாசம் நாலாவது தடவை பாக்கறேன்” என்றார். அப்புறம் வெற்று ஃபைல் ஒன்றைத் திறந்து, “ஒரு பட்டன், அதை அழுத்தினா கீழ இருக்கற லிஸ்ட் மறையணும். எழுதுங்க” என்றார். பக்கத்தை இயங்க வைக்கும் மொழியான ஜாவாஸ்கிரிப்ட்டில் ஐந்தாறு வரி. எனக்குக் கை ஓடவில்லை. மூன்று மாதத்தில் ஒரு நாள்கூட நான் வெற்று ஃபைலிலிருந்து தொடங்கியதே இல்லை. எல்லா நாளும் சார் அடிப்பார், நான் அடிப்பேன், ஓடும், கற்றுக்கொண்டோம் என்று படுத்துவிடுவேன். இந்த ஒன்றில் என் தப்பும் இருக்கிறது.

பணத்தைத் திரும்பக் கேட்டேன். கட்டிய 7 நாளுக்குள் கேட்டிருக்க வேண்டுமாம். என் பேட்ச் ஆரம்பித்ததே கட்டிய ஒன்பதாம் நாள்! சரி, மிச்சத் தவணையை நிறுத்திவிடலாம் என்று பார்த்தால், அது தவணையே இல்லை. அந்த ஓடிபி, ஒரு கடன் நிறுவனத்தில் என் பெயரில் கடன் வாங்க நான் கொடுத்த சம்மதம். கோர்ஸ்காரர்களுக்கு முழுப் பணமும் எப்போதோ போய்விட்டது. நான் நிறுத்தினால் அடிபடுவது என் கிரெடிட் ஸ்கோர். அதனால் கடைசித் தவணை வரை கட்டி முடித்தேன்.

காசு கொடுத்துப் படிப்பதே வீண் என்று சொல்லவில்லை. நாம் எழுதிய கோடிங்கை ஒரு ஆள் உட்கார்ந்து படித்து, இங்கே தப்பு என்று காட்டுவார் என்றால் அதற்குத் தாராளமாகக் கொடுக்கலாம். ஆகவே, நேரலை என்று சொன்னால் பணம் கட்டுவதற்கு முன் ஒரு வகுப்பில் உட்கார்ந்து, “சார், அந்த நிறத்தைப் பச்சையா மாத்திக் காட்டுங்க” என்று கேளுங்கள். மாற்றினால் ஆள் இருக்கிறார். பணம் திரும்பத் தரும் நாள்கணக்கு எந்தத் தேதியிலிருந்து என்று எழுத்தில் வாங்குங்கள். தவணை லிங்கில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள், மூன்றாவது நிறுவனம் இருந்தால் அது கடனாக இருக்கலாம்.

பிறகு நான் உருப்படியாகப் படித்ததெல்லாம் இலவசம்தான். எம்டிஎன் பக்கங்கள், ஃப்ரீகோட்கேம்ப், தி ஓடின் ப்ராஜெக்ட் என்ற மூன்று வலைத்தளங்கள். மூன்றையும் ஆங்கிலத்தில் மெதுவாகத் தடவித் தடவித்தான் படித்தேன். ஓடின் ப்ராஜெக்ட்டில் பாடத்தைப் படிக்கச் சொல்லிவிட்டு, இப்போது நீயே செய் என்று விட்டுவிடுவார்கள். முதல் வாரம் அழுகை வந்தது.

போன வாரம் அதே கோர்ஸின் விளம்பரம் மறுபடி கண்ணில் பட்டது. ‘15 நிமிடத்தில் சலுகை முடிகிறது, 5 இடமே மிச்சம்’ என்று கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ரைட் கிளிக் செய்து, அந்தப் பக்கத்தை எழுதிய கோட் தெரியும் சோர்ஸைத் திறந்தேன். பக்கம் திறக்கும்போதெல்லாம் கடிகாரம் 900 நொடியிலிருந்து ஆரம்பிக்கிறது. மிச்ச இடங்களின் எண்ணிக்கை, மூன்றுக்கும் ஏழுக்கும் நடுவில் வாய்க்கு வந்த ஒரு எண்ணை ஜாவாஸ்கிரிப்ட் எடுத்துக் கொடுப்பது. ரீலோட் செய்தேன். 7 இடம் மிச்சம் என்றது.