முற்றத்துக்கு எந்த மரம்: பிரைட் ஆஃப் இந்தியாவா, பூமருதா, பொம்பொன் மரமா?

தென்னாப்பிரிக்காவில் நர்சரிக்குப் போய் "பிரைட் ஆஃப் இந்தியா" என்று கேட்டால் கிடைக்கும் மரம் வேறு, இந்தியாவில் அதே பெயரால் அழைக்கப்படும் மரம் வேறு. இங்கே, தென்னாப்பிரிக்காவில், அது லாகர்ஸ்ட்ரோமியா இண்டிகா; பிற நாடுகளில் கிரேப் மிர்ட்டில் எனப்படும் சிறுமரம். அங்கே அது நாம் பூமருது என்று சொல்லும் லாகர்ஸ்ட்ரோமியா ஸ்பெசியோசா. போதாக்குறைக்கு மலைவேம்பையும் சிலர் இதே பெயரால் குறிப்பதுண்டு. இந்நாட்டில் சிரிங்கா எனப்படும் அந்த மரம், பரவிப் பெருகும் அயல் இனமாகச் சட்டத்தில் பட்டியலிடப்பட்டிருக்கிறது; அதன் பக்கமே போக வேண்டாம். கடைக்காரர் சொல்லும் பெயரை விட்டுவிட்டு, தொட்டியில் கட்டியிருக்கும் சீட்டில் லத்தீன் பெயரைப் பார்த்து வாங்குங்கள்.

பிரைட் ஆஃப் இந்தியாவும் பூமருதும் ஒரே பேரினம். மருதாணியும் மாதுளையும் இவற்றின் குடும்பம்தான். மாதுளம்பூவின் இதழைக் கையில் எடுத்துப் பாருங்கள்: கசக்கி வைத்த பட்டுத்துணிபோல் இருக்கும். அதே கசங்கல் இந்த இரண்டு மரங்களின் பூவிலும் உண்டு. மூன்றாவதான பொம்பொன் மரம், அதாவது டாயிஸ் கோட்டினிஃபோலியா, இவற்றுக்கு உறவே இல்லை. அது இந்த மண்ணின் சொந்த மரம். பட்டையை உரித்தால் கயிறுபோல் உறுதியான நார் வரும். ஆஃப்ரிகான்ஸ் மொழியில் அதன் பெயர் கன்னாபாஸ்.

மூன்றையும் ஒரே தராசில் வைக்கக் காரணம் இருக்கிறது. எங்கள் வீடு டர்பனின் சேட்ஸ்வொர்த்தில், அக்கா வீடு ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவில். இரண்டு வீட்டிலும் கோடையில் இளஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ பூக்கும் ஒரு மரம் வேண்டும் என்று ஆசைப்பட்டோம். ஊருக்கு ஊர் விடை மாறியது.

மாற்றியது குளிர்தான். டர்பன் கடற்கரையில் உறைபனி கிடையாது. லெனேசியா மேட்டுநிலம், குளிர்காலமான ஜூன், ஜூலையில் விடியற்காலைப் புல் வெள்ளையாக உறைந்து கிடக்கும். அக்கா டர்பனிலிருந்து ஆசையாக ஒரு பூமருதுக் கன்றைக் கொண்டுபோனார். முதல் குளிர்காலத்தில் நுனி கருகியது, அடிமரத்திலிருந்து துளிர்த்தது. இரண்டாவது குளிர்காலத்தில் துளிர்க்கவில்லை. அதே இடத்தில் வைத்த பிரைட் ஆஃப் இந்தியா இலையை உதிர்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கி எழுகிறது. பொம்பொன் மரமும் மிதமான உறைபனியைத் தாங்கும். கடுங்குளிரில் இலை உதிர்க்கும், வெப்பமான இடத்தில் பெரும்பாலும் பசுமையாகவே நிற்கும்.

கடற்கரையில் இருப்பவர்கள் யோசிக்க வேண்டியது இடத்தை. பூமருது 10 முதல் 20 மீட்டர்வரை போகும் மரம். ஒரு பூவே உள்ளங்கையில் பாதியை நிறைக்கும். பூத்து நிற்கும்போது அதற்கு ஈடு கிடையாது என்பதை மனமாரச் சொல்கிறேன். ஆனால் சுவருக்கும் வீட்டுக்கும் நடுவே மூன்று மீட்டர் சந்து வைத்திருக்கும் நாம் அதை நடுவது, மரத்துக்கும் கெடுதல், கூரைக்கும் கெடுதல். கோயில் வளாகம், பள்ளி மைதானம், பெரிய தோட்டம் ஆகியவைதான் அதற்கு ஏற்ற இடம். பிரைட் ஆஃப் இந்தியா பெரும்பாலும் 3 முதல் 6 மீட்டருக்குள் நிற்கும். பொம்பொன் மரமும் ஏறத்தாழ அதே அளவுதான்.

பூக்கும் காலத்தில் பிரைட் ஆஃப் இந்தியாவை மற்ற இரண்டும் நெருங்க முடியாது. டிசம்பரில் தொடங்கினால் மார்ச் வரை விட்டுவிட்டுப் பூக்கும். வாடிய கொத்தை உடனே கிள்ளினால் இரண்டாம் முறையும் கொத்து வைக்கும். பொம்பொன் மரம் நவம்பர், டிசம்பரில் சுமார் மூன்று வாரம் மட்டும் பூக்கும். ஆனால் அந்த மூன்று வாரமும் இலை தெரியாமல் இளஞ்சிவப்புப் பந்துகள். தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் மரத்தை விட்டு நகராது. பிறகு காய்ந்த பந்துகள் பழுப்பாகக் கிளையிலேயே தங்கும். சிலருக்கு அது பிடிக்காது. எனக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

டர்பனில் பிரைட் ஆஃப் இந்தியாவின் பெரிய பகை சாம்பல் நோய். இளந்தளிரிலும் மொட்டிலும் மாவு தூவியதுபோல் படியும். தளிர் சுருளும், மொட்டு விரியாது. காற்று அசையாத நிழல் மூலையில் நட்டால் ஆண்டுதோறும் இது வரும். நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் விழும் இடம், கிளைகளுக்கு நடுவே காற்றோட்டம், இவை இரண்டும் மருந்தைவிட நன்றாக வேலை செய்கின்றன. இதற்குத் தீர்வு தேடித்தான் அமெரிக்கத் தேசிய மரப்பூங்காவில் டொனால்ட் ஈகால்ஃப் இண்டிகாவை ஜப்பானின் லாகர்ஸ்ட்ரோமியா ஃபாரியையுடன் கலந்து புதிய வகைகளை உருவாக்கினார். வெள்ளைப் பூ நாட்செஸ், பவளநிற டஸ்கரோரா, இளஊதா மஸ்கோகீ ஆகியவை அந்த வரிசை. சாம்பல் நோய்க்கு இவை நன்றாக ஈடுகொடுக்கும். நாட்செஸின் பட்டை உரியும்போது உள்ளே இலவங்கப்பட்டை நிறம் தெரியும். பூவில்லாத குளிர்காலத்திலும் பார்த்துக்கொண்டே நிற்கலாம். சீட்டில் இந்தப் பெயர்களில் ஒன்று இருந்தால் சற்றுக் கூடுதல் விலை கொடுத்தும் வாங்கலாம்.

இலையில் பிசுபிசுப்பும் கருமையும் தெரிந்தால் அது வேறு சங்கதி. அசுவினி என்னும் சாறுறிஞ்சும் சிறு பூச்சியின் கழிவில் கரும்பூஞ்சணம் வளர்கிறது. தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அசுவினியை விரட்டினால் கருமையும் மெல்லப் போய்விடும்.

இனிக் கவாத்து. இதைச் சொல்லும்போது இன்றும் மனம் வலிக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் முற்றத்தைச் சுத்தம் செய்ய வந்த ஒருவர், நான் வீட்டில் இல்லாத நேரத்தில் பிரைட் ஆஃப் இந்தியாவின் எல்லாக் கிளைகளையும் ஒரே உயரத்தில் கட்டையாக வெட்டிவிட்டார். இந்த மரம் அந்தப் பருவத்தில் விடும் புதுத் தளிரின் நுனியில்தான் பூக்கும். அதனால் மொட்டையடித்தாலும் பூத்துவிடும். அதைப் பார்த்துத்தான் பலரும் மொட்டையடிப்பதே முறை என்று நம்பிவிடுகிறார்கள். எங்கள் மரமும் பூத்தது. ஆனால் ஒவ்வொரு வெட்டிலும் பத்துப் பன்னிரண்டு குச்சிகள் கிளம்பின. முதல் மழையில் பூக்கொத்தின் பாரம் தாங்காமல் அத்தனையும் தரையைத் தொட்டன. கணுக்கள் முண்டுமுண்டாக வீங்கின. முண்டுக்கு இரண்டு குச்சி மட்டும் விட்டு மற்றவற்றை எடுத்து, மரத்தை மீண்டும் உருவத்துக்குக் கொண்டுவர எனக்கு மூன்று குளிர்காலம் ஆயிற்று.

ஆகஸ்டில், தளிர் எழுவதற்கு முன், செய்ய வேண்டியது கொஞ்சம்தான்: அடியில் வரும் பக்கக்கன்றுகளை நீக்குங்கள், ஒன்றோடொன்று உரசும் கிளையையும் உள்நோக்கி வளர்வதையும் எடுங்கள். பென்சிலைவிட மெல்லிய குச்சிகளைக் குறைக்கலாம். அடியிலிருந்து எழும் தண்டுகளில் மூன்று முதல் ஐந்தை மட்டும் வைத்துக்கொண்டால் போதும். பூமருதும் பொம்பொன் மரமும் இந்த அளவுக்குக்கூடக் கத்தியைக் கேட்பதில்லை.

உரத்தில் ஒரே எச்சரிக்கை. புல்வெளிக்குப் போடும் தழைச்சத்து உரம் அருகிலிருக்கும் மரத்தின் வேருக்கும் போகும்; இலை மண்டும், பூ குறையும். நட்ட முதல் இரண்டு கோடையில் வேர் ஆழப் போகும்படி நிறையத் தண்ணீர் விட்டு, மூடாக்குப் போட்டுவைத்தால் போதும்.

லெனேசியாவில் இருப்பவருக்கு நான் தயங்காமல் பிரைட் ஆஃப் இந்தியாவைச் சொல்வேன். டர்பனில் வெயில்படும் முற்றம் இருந்தால் அதன் கலப்பு வகை. சுற்றிலும் பறவையும் பூச்சியும் வர வேண்டும், பராமரிக்க நேரமில்லை என்பவருக்குப் பொம்பொன் மரம். எங்கள் முற்றத்தில் பழைய மரத்துக்கு எதிர் மூலையில் இப்போது ஒரு பொம்பொன் கன்றுக்குக் குழி வெட்டியிருக்கிறேன். பொம்பொன் பூத்து முடிக்கும் நேரத்தில் பிரைட் ஆஃப் இந்தியா தொடங்க வேண்டும்.