தரங்கம்பாடி கைடும் ரெண்டு பொண்டாட்டிக்கார டென்மார்க் ராஜாவும்

அப்பாவோட அறுபதாம் கல்யாணம் திருக்கடையூர்ல நல்லபடியா முடிஞ்சுது, அதப் பத்தி சொல்ல ஒண்ணும் இல்ல, ஐயர்லேருந்து பந்தி வரைக்கும் எல்லாம் டான் டான்னு நடந்துச்சு. நான் எழுத வந்தது தரங்கம்பாடில எனக்கு வாய்ச்ச கைடு பத்தி. இன்னும் வயிறு எரியுது.

சின்ன வயசுல தரங்கம்பாடின்னா மாயவரத்துல பஸ் ஏறி, ஆக்கூர்ல பாதி கூட்டம் இறங்கினதும் ஜன்னல் சீட்டு புடிச்சு, டென்மார்க்காரங்க கட்டின கோட்டைய ஒரு சுத்து சுத்திட்டு, சுண்டல் வாங்கித் தின்னுட்டு வர்றது தான். கைடாவது ஒண்ணாவது. இப்ப நாங்க தங்கின ஹோட்டல்ல "ஹெரிட்டேஜ் வாக்" னு ஒண்ணு வச்சிருக்காங்க, 2500 ரூபா, கார் தனி. எங்க வீட்டுக்காரர் வேண்டாம்னு தான் சொன்னார். நான் தான் டென்மார்க்ல குடியிருக்கோம், அதுவும் ரோஸ்கில்டேல, ராஜா ராணிங்க எல்லாம் அடக்கமாகியிருக்கிற சர்ச்சுக்கு நடந்து போற தூரத்துல, புள்ளைங்களுக்கு ரெண்டு ஊருக்கும் உள்ள சம்பந்தத்த நம்ம ஊர்க்காரர் வாயால கேக்க வைக்கலாம்னு பணத்த கட்டினேன்.

கைடு வந்தார். கையில லேமினேட் பண்ணின அட்டைங்க. கோட்டை வாசல்ல நின்னு ஒண்ண தூக்கிக் காட்டி "மேடம், இவங்க தான் டென்மார்க் மகாராணி, 1620ல இந்த கோட்டைய கட்டினவங்க" ங்கறார். பாத்தா விக்டோரியா மகாராணி! வெள்ளை முக்காடு, உச்சில குட்டி கிரீடம், உம்முனு மூஞ்சி, பழைய காசுல பாத்த அதே மூஞ்சி. அட்டையோட ஓரம் பிரிஞ்சு உள்ள தண்ணி போயி அம்மணியோட ஒரு கன்னம் பச்சையா பூத்திருக்கு. எங்க பொண்ணு டேனிஷ்ல என் காதுல "அம்மா இது இங்கிலாந்து" ங்கறா, ஸ்கூல்ல படிக்கிற புள்ளைக்கு தெரியுது.

நான் பொறுமையா, சார், 1620ல இருந்தது நாலாம் கிறிஸ்டியன் ராஜா, தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோட ஒப்பந்தம் போட்டு ஓவே யெத்தேங்கற ஆள் வந்து கட்டினது, விக்டோரியா பொறந்ததே 1819ல தான்னு சொன்னேன். அவர் அசரல. "அதான் மேடம், எல்லாம் ஒரே ஃபேமிலி" ன்னுட்டு அடுத்த அட்டைக்கு போயிட்டார். இந்த "அதான் மேடம்" இருக்கே, நாம சொன்னத மறுக்கவும் மாட்டாங்க ஏத்துக்கவும் மாட்டாங்க, அங்க இத்தன வருஷம் இருந்ததுல எனக்கு மறந்தே போச்சு இந்த கலை. டென்மார்க்ல தெரியலன்னா மூஞ்சிக்கு நேரா தெரியலன்னு சொல்லிட்டு போயிட்டே இருப்பாங்க, அதுவும் ஒரு மாதிரி எரிச்சல் தான், ஆனா 2500 ரூபாய்க்கு அது தேவலாம்.

சரி போகட்டும்னு நடந்தோம். ராஜா வீதில புது எருசலேம் சர்ச், 1718ல கட்டினது, முகப்புல எஃப் எழுத்தும் 4ம் பின்னி மேல கிரீடம் வச்ச முத்திரை இருக்கும். நாலாம் ஃபிரெடெரிக் ராஜாவோட முத்திரை. மதம் பரப்ப சீகன்பால்குங்கற ஜெர்மன் பாதிரியார இந்த ஊருக்கு அனுப்பினவர் அவர் தான், பாதிரியார் 1706 ஜூலைல வந்து இறங்கினாரு, 1715ல தமிழ்ல புதிய ஏற்பாடு அச்சாச்சு, 1719ல செத்து இந்த சர்ச்சுக்குள்ளயே அடக்கம். கைடு அத காட்டி "இது மகாராணியோட கிரீடம், ராஜா அவங்க மேல வச்ச அன்போட அடையாளம்" னு ஒரு போடு போட்டார் பாருங்க, அங்க தான் எனக்கு தாங்கல. அன்பாம்!

அந்த மகாராணி பேரு லூயிஸ். ஜெர்மன்காரங்க, கூஸ்ட்ரோங்கற ஊர்ல 1667ல பொறந்தவங்க, ராஜாவ விட நாலு வயசு மூத்தவங்க, 1695ல கல்யாணம். அஞ்சு புள்ள பெத்து மூணு ஒண்ணு ரெண்டு வயசுக்குள்ளயே போயிடுச்சு. மிஞ்சினது பின்னாடி ஆறாம் கிறிஸ்டியனா பட்டத்துக்கு வந்த பையனும், கடைசி வரைக்கும் கல்யாணமே பண்ணிக்காத சார்லோட் அமேலியாங்கற பொண்ணும். அந்தப் பொண்ணு பொறந்ததும் 1706ல தான், சீகன்பால்க் இங்க வந்து இறங்கின அதே வருஷம். இந்த லூயிஸ் உசுரோட அரண்மனைல இருக்கும்போதே ராஜா 1703ல இன்னொருத்திய கட்டினார், அந்தம்மா அடுத்த வருஷம் பிரசவத்துல போயிட்டாங்க. அதோட விட்டாரா? 1711ல ஒரு முகமூடி நடன விருந்துல அன்னா சோஃபி ரெவென்ட்லோங்கற பொண்ண பாத்தார், அதுக்கு பதினெட்டு வயசு, இவருக்கு நாப்பது. பொண்ணோட அம்மா முடியாதுன்னுட்டாங்க. 1712ல கிளவுஸ்ஹோம் மாளிகைலேருந்து பொண்ண தூக்கிட்டு வந்து அதையும் கட்டினார். சட்டம், பாதிரியார் எல்லாம் இருந்தாங்க தான், ஆனா கேக்கற நாக்கு யாருக்கு இருந்துச்சு. லூயிஸ் பாவம் பக்தியிலயே காலத்த ஓட்டினாங்கன்னு எழுதி வச்சிருக்காங்க. 1721 மார்ச் 15 அவங்க கண்ண மூடினாங்க, ஏப்ரல் 4 அன்னா சோஃபியோட மறுபடி ஊரறிய கல்யாணம், இந்த தடவை முறைப்படி ராணியாவே ஆக்கினார். அடக்கம் பண்ணின ஈரம் காயல.

இத நடு ரோட்ல நின்னு மூச்சு விடாம சொல்லிட்டேன். கைடு "அதான் மேடம்" ன்னார். ஆனா வண்டிய நிறுத்திட்டு சும்மா கூட வந்துட்டிருந்த டிரைவர் தம்பி இருக்கானே, அவன் தான் வாய தொறந்தான்: "ஏக்கா, வீட்ல ரெண்டு வச்சுக்கிட்டா நமக்கு ஒழுக்கம் சொல்லிக் குடுக்க ஆள் அனுப்பினாரு?" எங்க வீட்டுக்காரர் சிரிச்ச சிரிப்புல சர்ச் வாசல்ல இருந்த ஆடு எழுந்து ஓடிடுச்சு. தம்பி விடல. "திருக்கடையூர்லயும் தினம் ரெண்டாம் கல்யாணம் தான் நடக்குது, ஆனா அதே பொண்டாட்டியோட." அப்பறம் ரெண்டாவது ராணி என்ன ஆனாங்கன்னு கேட்டான். திரும்பி வர்ற வழி பூரா அவனுக்கு தான் கதை. அன்னா சோஃபிக்கு ஆறு புள்ள, ஒண்ணும் தங்கல, கடவுள் தண்டனைன்னு ஊர் பேசுச்சு. 1730ல ராஜா போனதும், அம்மா பட்ட பாட்ட பாத்து வளந்த மகன் ஆறாம் கிறிஸ்டியன் பட்டத்துக்கு வந்து சித்திய அரண்மனைய விட்டு அனுப்பிட்டார், எந்த கிளவுஸ்ஹோம்லேருந்து தூக்கிட்டு வந்தாங்களோ அதே கிளவுஸ்ஹோமுக்கு. 1743ல அவங்க அங்கயே இருந்து செத்தாங்க. தம்பி கொஞ்ச நேரம் வண்டிய ஓட்டிட்டு, "அந்தப் பொண்ணையும் தூக்கிட்டு தானக்கா வந்தாங்க, அது என்ன பண்ணும்" ன்னான். ரோஸ்கில்டேல காசு குடுத்து கேட்ட எந்த கைடும் இத சொன்னதில்ல.

டென்மார்க்ல இப்ப இருக்கிற ராணி மேரி ஆஸ்திரேலியாக்காரங்க, டாஸ்மேனியால பொறந்து, 2000 ஒலிம்பிக்ஸ் சமயம் சிட்னில ஒரு பார்ல இளவரசர பாத்து, 2004ல கல்யாணம், நாலு புள்ளைங்க, 2024 ஜனவரில இருந்து ராணி. கைடு கிட்ட கடைசி முயற்சியா இவங்க படத்த போன்ல காட்டினேன். "ஆமா மேடம், விக்டோரியா பேத்தி" ன்னார். சரணாகதி.

ஹோட்டலுக்கு வந்து சண்டை போட்டேன். அங்க மாதிரி ஈமெயில் எழுதி வாரக்கணக்கா காத்திருக்க வேண்டியதில்ல, ரிசப்ஷன்ல குரல உசத்தினா முதலாளியே சட்டை பட்டன் போட்டுக்கிட்டே வந்துடறார், இது ஒண்ணுல நம்ம ஊரு நம்ம ஊரு தான். பாதி பணம் திருப்பிக் குடுத்துட்டார், ஒரிஜினல் படம் அனுப்புங்க மேடம், அட்டைய மாத்திடறோம்னார். லூயிஸ் படமும் அன்னா சோஃபி படமும் ரெண்டையும் வாட்ஸ்அப்ல அனுப்பினேன். ராத்திரி பத்து மணிக்கு பதில் வருது: "மேடம் ரெண்டு பேர் இருக்காங்க, அட்டை ஒண்ணு தான், யார போடறது?"

ரோஸ்கில்டேல ராஜா பக்கத்துல படுத்திருக்கிறது லூயிஸ், அன்னா சோஃபிய அதே சர்ச்சுல வேற ஒரு ஓரத்து அறைல தள்ளி வச்சிருக்காங்க. அதனால முன்பக்கம் லூயிஸ், பின்பக்கம் அன்னா சோஃபின்னு போட்டு அனுப்பினேன். ரெண்டு பக்கம்னா பிரிண்ட் காசு ஜாஸ்தி ஆகுமாம், யோசிச்சு சொல்றேன்னிருக்கார்.