ஹாரங்கியின் நிலச்சரிவுகளை வரைய எந்த வழி?

பெங்களூரில் தொலையுணர்வுத் துறையில் (செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நிலத்தை ஆராயும் துறை) வேலை பார்க்கும் நம்மவர்களுக்குக் குடகு மலையின் மீது ஓர் உரிமையுணர்வு உண்டு. குழாயில் வரும் காவிரி அங்கிருந்துதான் இறங்குகிறது; காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு மடிக்கேரி போய்விடலாம். 2018 ஆகஸ்டில் மக்கந்தூர், மாதாபுரா பக்கத்து மலைகள் சரிந்து, அந்தச் சேறு காவிரியின் துணையாறான ஹாரங்கியின் நீர்த்தேக்கம் வரை வந்த பிறகு, அந்தத் துணையாற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியை ஆய்வுக்கு எடுக்கும் தமிழ் மாணவர்களும் கூடியிருக்கிறார்கள். அவர்களின் முதல் கேள்வி பெரும்பாலும் "எந்த சேட்டிலைட் டேட்டா எடுக்கலாம், அண்ணா?" என்பதாகவே இருக்கிறது. எதை வரையப் போகிறோம் என்பது தெளிவானால்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும்.

ஏற்கெனவே விழுந்த நிலச்சரிவுகளைக் கணக்கெடுப்பதுதான் வேலை என்றால் ஒளிப்படச் செயற்கைக்கோள்களே மலிவான வழி. சென்டினல்-2 படங்கள் இலவசம். ஒரு படப்புள்ளி 10 மீட்டர். நம்முடைய ரிசோர்ஸ்சாட்டின் லிஸ்-4 கருவி 5.8 மீட்டர் வரை இறங்கும். ஆனால் 15 மீட்டர் அகலமுள்ள ஒரு சரிவு சென்டினல் படத்தில் ஓரிரு புள்ளிகளில் அடங்கிவிடும். புதிதாக வெட்டிய தோட்டச் சாலையும், வீடு கட்டச் சமப்படுத்திய மனையும் அதே செந்நிறத்தில்தான் தெரியும். செடிகொடியின் அடர்த்தியைக் காட்டும் பசுமைக் குறியீட்டின் வீழ்ச்சியை மட்டும் நம்பும் தானியங்கி முறைகள் இவற்றையும் சரிவுக் கணக்கில் சேர்த்துவிடுகின்றன. கண்ணால் பார்த்து, சரிவின் தலைப்பகுதியையும் ஓடிய தடத்தையும் தனித்தனியே கோடிழுப்பது அலுப்பான வேலைதான். இவ்வளவு சிறிய நீர்ப்பிடிப்புக்கு அதையே நான் பரிந்துரைப்பேன். மழை ஓய்ந்த முதல் கோடையின் படமே வேண்டும், ஏனென்றால் ஓரிரு பருவமழைக்குள் புதர் மூடித் தழும்பு மறைந்துவிடுகிறது.

ரேடாருக்கு மேகம் தடையில்லை என்பது உண்மை. 2024 ஜூலை 30-ஆம் தேதி வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் அழிந்தபோது, மறுநாளே தேசியத் தொலையுணர்வு மையத்துக்கு கார்ட்டோசாட்-3 உடன் ரிசாட் ரேடார் படமும் கைகொடுத்தது. அது பேரிடர் நேரத்துத் தேவை. ஆய்வு மாணவர்கள் ஆசைப்படுவதோ ரேடார் குறுக்கீட்டு முறை (வெவ்வேறு நாளில் எடுத்த ரேடார் படங்களை ஒப்பிடுவது) வழியாக மில்லிமீட்டர் நகர்வை அளக்க. சென்டினல்-1 ரேடாரின் அலைநீளம் 5.6 சென்டிமீட்டர், காப்பிச் செடிக்கு மேல் சில்வர் ஓக் நிழல் விரித்திருக்கும் மலைச்சரிவில் அந்த அலை இலையிலேயே சிதறிவிடும். ஏறத்தாழ 24 சென்டிமீட்டர் எல்-பட்டை அலையுடன் 2025 ஜூலை 30-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார் என்ற இந்திய-அமெரிக்க ரேடார் செயற்கைக்கோள் இந்தக் குறையைப் பெருமளவு தீர்க்கக்கூடும். அப்போதும் மெதுவாக ஊர்ந்து நகரும் சரிவுகளுக்கே அது பொருந்தும். கனமழையில் சில நொடிகளில் பிய்த்துக்கொண்டு ஓடும் சேற்றுப்பெருக்கை, 12 நாளுக்கு ஒருமுறை வரும் கருவி முன்கூட்டிக் காட்டும் என்று எதிர்பார்ப்பது வீண்.

இனி எங்கே சரியக்கூடும் என்று காட்டும் வரைபடத்துக்குப் பாறை, சாய்வு போன்றவற்றைத் தனித்தனி அடுக்குகளாக்கி, எடை கொடுத்துச் சேர்ப்பார்கள். போட்டி உண்மையில் சூடுபிடிப்பது அதில் நிலவியல் அடுக்கில்தான். இந்தியப் புவியியல் ஆய்வு மையத்தின் 1:50,000 வரைபடம் அதன் பூகோஷ் இணையதளத்தில் கிடைக்கிறது. அதில் ஒரு மில்லிமீட்டர் கோடு தரையில் 50 மீட்டர். பலரும் அதை இறக்கி, இமயமலை ஆய்வுகளில் பாறை வகைக்குத் தரும் எடையை அப்படியே போட்டுவிடுகிறார்கள். அலக்நந்தா நீர்ப்பிடிப்பில் அந்த எடைக்கு நியாயம் இருக்கிறது: பெரும் பிளவுப் பெயர்ச்சிகள் உடைந்த பாறையையும் உறுதியான பாறையையும் பக்கம் பக்கமாகக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கின்றன, ஒரு மலைமுகட்டிலிருந்து அடுத்ததற்கே பாறை மாறிவிடுகிறது. குடகின் நீஸ், சார்னோகைட் என்னும் பழம்பாறை நிலத்தில் நிலைமை வேறு. இங்கே பரந்த பரப்புக்கு ஒரே பாறைப் பெயர்தான். சரிந்ததோ அந்தப் பாறைக்கு மேல் உளுத்துக் கிடக்கும் மண் போர்வை. அந்தப் போர்வையின் தடிமன் வரைபடத்தில் இல்லை, எந்தச் செயற்கைக்கோளும் அதை நேரடியாகக் காட்டுவதில்லை.

அதைக் காட்டுவது வீட்டுக்குப் பின்னால் வெட்டிய மண்சுவர். மேலே செம்மண், அதன் கீழே வெளிறிய மஞ்சள் களி, அதில் பழைய பாறையின் வரிகள் அப்படியே தெரியும், ஆனால் விரல் வைத்தால் பொதுக்கென்று உள்ளே போகும், அதற்கும் கீழே சுத்தியல் பட்டால் கணீரென்று ஒலிக்கும் பாறை. மழைக்காலத்தில் நீர் கசிவது களியும் பாறையும் சேரும் கோட்டில்தான். ஒவ்வொரு சாலை வெட்டிலும் டேப் பிடித்து இந்தத் தடிமனை அளந்து, ஜிபிஎஸ் புள்ளியோடு குறித்துக்கொண்டு, பாறையின் வரிகள் மலைச்சரிவோடு சாய்கின்றனவா எதிர்த்துச் சாய்கின்றனவா என்று பிரன்டன் காம்பஸில் (திசையும் சாய்வும் அளக்கும் கருவி) பார்த்து எழுதிவந்தால், அது கார்ட்டோசாட்டின் 30 மீட்டர் உயர மாதிரியிலிருந்து (நிலத்தின் உயரத்தைச் சொல்லும் கணினி வரைபடம்) கறந்தெடுக்கும் பத்து அடுக்குகளைவிடப் பயன்படும். டிரோன் ஒரு சரிவுக்குச் சரி, நீர்ப்பிடிப்பு முழுவதற்கும் கட்டுப்படியாகாது. வானிலிருந்து லேசர் கதிரால் அளந்தால் இலைக்கூரையைத் தாண்டித் தரையின் பழைய தழும்புகள் தெரியும். மாணவர் பட்ஜெட்டில் அதைப் பேசிப் பயனில்லை.

எடை தருவதற்குப் புள்ளியியல் முறையா, ராண்டம் ஃபாரஸ்ட் என்ற கணினிக் கற்றல் முறையா என்ற வாக்குவாதத்துக்கு நான் அதிக நேரம் தரமாட்டேன். அடுத்தடுத்த புள்ளிகளையே பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரித்துப் போட்டால் எந்த முறையும் நல்ல மதிப்பெண் வாங்கிவிடும். அதைவிட முக்கியமானது, இவ்வகை வரைபடங்கள் சரிவு தொடங்கும் இடத்தைத்தான் சொல்கின்றன என்பது. வயநாட்டில் ஏறத்தாழ 1,550 மீட்டர் உயரத்தில் பிடுங்கிய மண் எட்டு கிலோமீட்டர் ஓடியது. உயிரிழந்தவர்கள் இருந்த இடம் கீழே, ஆற்றங்கரையில். ஓடும் தடத்தைத் தனி வரைபடமாகப் போடாத ஆய்வை நான் அரைகுறை என்றே சொல்வேன்.

நடப்பதற்குத் தோதான காலம் ஜனவரி, பிப்ரவரி. ஓடைகளில் நீர் குறைந்திருக்கும். காப்பிப் பழம் பறிக்கும் பருவம் என்பதால் தோட்டங்களில் ஆட்களும் இருப்பார்கள். அவர்களில் தமிழ் பேசுகிறவர்கள் கணிசம் என்பது நம் மாணவர்களுக்கு வாய்த்த வசதி. எந்த வரிசைச் செடி மண்ணோடு போனது, அதற்கு முன் எங்கே வெடிப்பு விட்டது என்பதை அவர்கள் இடம் காட்டிச் சொல்வார்கள். ஆண்டும் தேதியும் மட்டும் முன்னே பின்னே இருக்கும். அதைப் பழைய செயற்கைக்கோள் படங்களை வரிசையாக வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.