சர்வீஸுக்கு விட்ட காரில் 97 கிலோமீட்டர்: கோவை சர்வீஸ் மையம் ஒன்றின் மதிப்புரை

கோவை அவிநாசி சாலையை ஒட்டியுள்ள, கார் தயாரிப்பு நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற ஒரு சர்வீஸ் மையத்தில் என் பெட்ரோல் காரை ஆண்டு சர்வீஸுக்கு விட்டிருந்தேன். பழுதை அவர்கள் நன்றாகவே பார்த்தார்கள். ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அந்தக் காரைத் தங்கள் சொந்த வேலைக்காகத் திருப்பூர் வரை ஓட்டிச் சென்றார்கள். கேட்டபோது முதலில் மறைத்தார்கள். ஆதாரத்தைக் காட்டிய பிறகே ஒப்புக்கொண்டார்கள். பெட்ரோல், சுங்கக் கட்டணம் இரண்டுக்கும் உரிய பணத்தைத் திருப்பித் தந்து, எழுத்து மூலமாக வருத்தமும் தெரிவித்துவிட்டதால் நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. பெயரைக் காட்டிலும் நடந்த முறையே மற்றவர்களுக்குப் பயன்படும் என்று கருதுகிறேன்.

முதலில் வேலையின் தரத்தைச் சொல்லிவிடுகிறேன். வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் முன்பக்க இடது சக்கரத்துக்கு மேலே கடகடவென்று ஒரு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஆயில், ஃபில்டர் மாற்றும் வழக்கமான வேலைகளுடன் இதையும் பார்க்கும்படி, செய்ய வேண்டிய வேலைகளைக் குறிக்கும் தாளான ஜாப் கார்டில் எழுதச் சொன்னேன். சஸ்பென்ஷனில் உள்ள ஸ்டெபிலைசர் லிங்க் என்ற இணைப்புத் தண்டு தேய்ந்திருப்பதைச் சரியாகக் கண்டுபிடித்து, மாற்றுவதற்கு முன் போனில் அழைத்து விலையைச் சொல்லி ஒப்புதல் வாங்கினார்கள். கழற்றிய பழைய உதிரியை ஒரு பையில் போட்டு டிக்கியில் வைத்திருந்தார்கள். அதன் உருண்டை மூட்டைக் கையால் அசைத்தபோது, பிடிமானமே இல்லாமல் தளர்ந்து ஆடியது. பில்லும் முதலில் சொன்ன மதிப்பீட்டைத் தாண்டவில்லை. அதன் பிறகு அந்தச் சத்தம் வரவே இல்லை. மெக்கானிக்கின் திறமையில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. சில நூறு ரூபாய் உதிரிக்கு இவ்வளவு முறையாக ஒப்புதல் கேட்ட அதே இடத்தில்தான், முழு வண்டியையும் நெடுஞ்சாலைக்கு எடுத்துச் செல்ல ஒருவரும் ஒப்புதல் கேட்கவில்லை என்பதே என் வருத்தம்.

வண்டியை ஒப்படைத்தபோது ஜாப் கார்டில் குறித்திருந்த ஓடோமீட்டர் அளவு 38,412. திரும்பப் பெற்றபோது டேஷ்போர்டில் இருந்தது 38,509. ஓட்டுநர் இருக்கை கடைசி வரை பின்னால் தள்ளப்பட்டிருந்தது. அதற்கு உயரமான மெக்கானிக் ஒருவர் சோதித்துப் பார்த்ததே காரணமாக இருக்கலாம். ஆனால் பின் இருக்கையின் துணியில் கனமான அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்ததுபோல் சதுரமாக இரண்டு அழுத்தங்கள் பதிந்திருந்தன. கீழே மிதியடியில் தெர்மோகோல் மணிகள் சிதறிக் கிடந்தன. வண்டியைக் கழுவி, வேக்யூம் போட்டுத் தருவதாகச் சொல்லும் மையத்தில், அந்த வெள்ளை மணிகள் கழுவிய பிறகு விழுந்தவை என்பது பார்த்தவுடனே தெரிந்தது.

அங்கேயே நின்று சர்வீஸ் அட்வைசரிடம் கேட்டேன். "ரோடு டெஸ்ட் பண்ணியிருப்பாங்க சார், சத்தம்னு நீங்கதானுங்க சொன்னீங்க" என்றார். தொண்ணூற்றேழு கிலோமீட்டருக்கா என்று கேட்டதற்கு, "ரெண்டு மூணு பேர் மாத்தி மாத்தி ஓட்டிப் பார்த்திருப்பாங்களுங்க" என்றார். அவர் பேச்சில் மரியாதைக்குக் குறைவில்லை, ஆனால் சொன்னதில் உண்மை இல்லை. ஏனெனில் நான் அலுவலகத்தில் இருந்தபோது வந்து, படிக்காமல் விட்டிருந்த இரண்டு குறுஞ்செய்திகள் என் போனிலேயே இருந்தன. கணியூர் சுங்கச்சாவடியில் காலை 11.52 மணிக்கு ஒருமுறையும், பிற்பகல் 2.40 மணிக்கு மறுமுறையும் என் ஃபாஸ்டேக் கணக்கிலிருந்து கட்டணம் எடுக்கப்பட்டிருந்தது. கோவையிலிருந்து அவிநாசி போகும் நெடுஞ்சாலையில் கணியூர் நகருக்கு வெளியே எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது இந்தப் பக்கத்தில் கார் ஓட்டும் எல்லோருக்கும் தெரியும். முன்சக்கரச் சத்தத்தைச் சோதிக்க அங்கே போக வேண்டியதில்லை. வேகத்தடைக்கும் குழிக்கும் நகருக்குள் பஞ்சமே கிடையாது.

குறுஞ்செய்தியைக் காட்டியதும் அட்வைசர் பேச்சை நிறுத்திவிட்டு மேலாளரை அழைத்து வந்தார். அவரும் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. விசாரித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பிவிட்டார். ஜாப் கார்டின் நகல், டேஷ்போர்டின் படம், பின் இருக்கையின் படம், இரண்டு குறுஞ்செய்திகள் ஆகியவற்றை இணைத்து அவருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் வராததால், அதையே கார் தயாரிப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கும் அனுப்பினேன். அதன் பிறகே மேலாளர் அழைத்து நடந்ததைச் சொன்னார். அவர்களுடைய திருப்பூர் கிளையிலிருந்து அவசரமாகச் சில உதிரிகள் எடுத்து வர வேண்டியிருந்ததாம். கிளையின் வண்டி வேறு வேலைக்குப் போயிருந்ததாம். என் காரில் வேலை முடிந்து, மாலையில் நான் வரும்வரை சும்மா நின்றதால் அதை எடுத்துப் போய்விட்டார்களாம். "பையன் தெரியாம பண்ணிட்டானுங்க சார்" என்று பழியை ஓட்டுநர் மீது போட்டார். சாவி வைக்கும் பலகையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தது யார், வாசலில் கேட் பாஸ் போட்டு வண்டியை வெளியே விட்டது யார் என்று கேட்டேன். அதற்கு அவரிடம் பதில் இல்லை. சம்பளத்தில் பிடித்தம் செய்து அந்த இளைஞரோடு விஷயத்தை முடித்துவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். அனுப்பியவர் சொன்னதைத்தான் அவர் செய்திருப்பார்.

சாலைச் சோதனை தேவையில்லை என்று நான் சொல்லவே இல்லை. பிரேக், சஸ்பென்ஷன், வீல் அலைன்மென்ட் இவற்றில் கை வைத்த பிறகு ஓட்டிப் பார்க்காமல் வண்டியைத் தருவதுதான் தவறு. விட்டு விட்டு வரும் சத்தத்தையோ, இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகே தலைகாட்டும் கோளாறையோ பிடிக்க ஐந்து கிலோமீட்டர் போதாமல் போகலாம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 என்ற புகை வரம்பு விதிக்கு உட்பட்ட டீசல் கார்களில் புகைக்கரி வடிகட்டி அடைத்துக்கொண்டால், சேர்ந்த கரியை எரிப்பதற்குச் சிறிது நேரம் நிற்காமல் ஒரே சீராக ஓட்ட வேண்டி வரும். அதற்கு நெடுஞ்சாலைதான் வசதி. இப்படி ஓட்டுவதெல்லாம் வண்டிக்காகச் செய்யும் வேலை. என் காரில் நடந்த ஓட்டம் வண்டிக்காக நடந்ததன்று. இந்த வேறுபாட்டைக் கிலோமீட்டர் கணக்கு மட்டும் காட்டிவிடாது என்பதால்தான், ஓட்டிப் பார்த்ததற்கான காரணம், யார் ஓட்டினார்கள், புறப்பட்டபோதும் திரும்பியபோதும் இருந்த மீட்டர் அளவு ஆகிய மூன்றும் ஜாப் கார்டில் ஏற வேண்டும் என்கிறேன். எங்கள் ஊர்ப் பட்டறைகளில் வார்ப்பு உதிரியை ஜாப் ஒர்க்குக்கு, அதாவது வெளியே கொடுத்து வேலை செய்து வாங்க, அனுப்பும்போது டி.சி. எனப்படும் டெலிவரி சலானில் எண்ணிக்கையும் எடையும் எழுதாமல் அனுப்புவதில்லை. கடையும்போது விழும் இரும்புச் சுருளுக்கும் கணக்கு உண்டு. அப்படிப்பட்ட ஊரில், பல லட்சம் ரூபாய் வண்டி வாசலைத் தாண்டிப் போவதற்கு ஒரு வரிகூட எழுதப்படாததை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆறரை லிட்டர் பெட்ரோலுக்கா இவ்வளவு பேச்சு என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் என்று வைத்தால் ஏறத்தாழ 650 ரூபாய்தான். ஆனால் அந்த மூன்று மணி நேரத்தில் நெடுஞ்சாலையில் ஒரு விபத்து நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு வழக்குகளில் ஓட்டியவரோடு நின்றுவிடாமல், பதிவுச் சான்றிதழில் பெயர் உள்ள உரிமையாளரையும் எதிர்மனுதாரராகச் சேர்ப்பார்கள். வண்டியின் சேதத்துக்கு என் காப்பீட்டில் கோரிக்கை வைத்திருந்தால், கோரிக்கையே இல்லாத ஆண்டுகளுக்காக 20 விழுக்காட்டில் தொடங்கி 50 விழுக்காடு வரை ஏறும் 'நோ கிளெய்ம் போனஸ்' தள்ளுபடியை இழந்திருப்பேன். வேகக் கேமராவில் சிக்கியிருந்தால் அபராதச் சலான் என் போனுக்குத்தான் வந்திருக்கும். காவல்துறை கேட்டால், ஓட்டியவர் யார் என்ற விவரத்தைத் தரும் கடமையை மோட்டார் வாகனச் சட்டத்தின் 133ஆம் பிரிவு உரிமையாளர் மீதுதான் வைக்கிறது. என் வண்டியை அப்போது ஓட்டியவரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவரிடம் செல்லத்தக்க உரிமம் இருந்ததா என்பதையும் பின்னர் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நல்ல வேளையாக இருந்தது.

சட்டத்தில் இதற்கு இடம் இல்லையோ என்று யாரும் தயங்க வேண்டியதில்லை. ஒரு பொருளை ஒரு நோக்கத்துக்காக மற்றவரிடம் ஒப்படைத்து, அது முடிந்ததும் திரும்பப் பெறுவது குறித்து 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 148ஆம் பிரிவிலிருந்து விரிவாகப் பேசுகிறது. சர்வீஸுக்கு விட்ட காரும் இந்த வகைதான். ஒப்படைத்த நிபந்தனைக்கு மாறாகப் பொருளைப் பயன்படுத்தினால், அந்தப் பயன்பாட்டின்போது ஏற்படும் சேதத்துக்கு வாங்கி வைத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்கிறது 154ஆம் பிரிவு. அந்தப் பிரிவிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. காசிக்குப் போவதாகச் சொல்லிக் கல்கத்தாவில் ஒருவர் குதிரையை வாடகைக்கு எடுக்கிறார். கவனமாகத்தான் ஓட்டுகிறார், ஆனால் காசிக்குப் போகாமல் கட்டாக்குக்குப் போகிறார். வழியில் குதிரை தற்செயலாக விழுந்து காயப்படுகிறது. எடுத்தவர்தான் இழப்பீடு தர வேண்டும். கவனமாக ஓட்டினேன் என்பது அங்கே விடையாகாது, சொன்ன வழியில் போகவில்லை என்பதே போதும். "வண்டிக்கு ஒண்ணும் ஆகலீங்களே சார்" என்று மேலாளர் சொன்னபோது எனக்கு இந்தக் குதிரைதான் நினைவுக்கு வந்தது. சேதம் நேராததால் பெரிய இழப்பீடு கேட்க எனக்கு வழியில்லை என்பது உண்மைதான். ஆனால் செய்தது சரி என்று அதற்குப் பொருளாகாது.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சேவைக் குறைபாட்டுக்காக நாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தர வேண்டும். சேவைக்காக நாம் செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. அதற்கு முன்பு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். எனக்கு அது வரை போகும் தேவை ஏற்படவில்லை.

மேலாளர் முதலில் தர முன்வந்தது அடுத்த முறைக்கான இலவச வாட்டர் வாஷ் கூப்பனும், பாதி விலையில் டெஃப்லான் கோட்டிங்கும். இரண்டையும் மறுத்துவிட்டேன். நான் கேட்டவை வேறு: பெட்ரோலுக்கும் சுங்கத்துக்கும் உரிய தொகை, நடந்ததை மறைக்காமல் எழுதிய ஒரு கடிதம், இனிமேல் சாலைச் சோதனைக்கான மீட்டர் அளவுகளை ஜாப் கார்டில் குறிக்கும் ஏற்பாடு. தொகை வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டது. நிறுவனத்தின் முத்திரையுடன் கடிதமும் வந்தது. தேதி, கிலோமீட்டர், போய் வந்த இடம் அனைத்தும் அதில் தெளிவாக இருக்கின்றன. அந்தத் தேதிக்கு ஏதாவது சலானோ வழக்கோ பின்னால் வந்தால் காட்டுவதற்காக, அதைப் பதிவுச் சான்றிதழ் நகலோடு சேர்த்து வைத்திருக்கிறேன். மூன்றாவது கோரிக்கைக்கு மட்டும், தலைமை அலுவலகத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். இன்று வரை பதில் இல்லை. எனக்கு மூன்றில் முக்கியமானது அதுதான், ஏனென்றால் அது எனக்கு மட்டுமான பரிகாரமன்று. அந்தப் பலகையில் சாவியைத் தொங்கவிட்டுப் போகும் ஒவ்வொருவருக்குமானது.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சொல்லக்கூடியது: சாவியைக் கொடுக்கும்போது ஓடோமீட்டரையும் எரிபொருள் முள்ளையும் ஒரே படத்தில் எடுத்து, அங்கேயே அட்வைசரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடுங்கள். ஃபாஸ்டேக் குறுஞ்செய்தி வரும் எண் உங்களுடையதுதானா என்று பாருங்கள். பல வண்டிகளில் விற்பனையாளர் பதிவு செய்த பழைய எண்ணே இன்னும் இருக்கிறது. புதிய கார்களில் செயலி வசதி இருந்தால், பயண விவரம் அதிலேயே பதிவாகும். வண்டியை எடுக்கும்போது மையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே மீட்டரைப் பார்த்து, வேறுபாடு இருந்தால் டெலிவரி தாளிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வீட்டுக்கு வந்த பிறகு சொன்னால் நீங்களே ஓட்டியிருப்பீர்கள் என்று சொல்லிவிட முடியும். கோபப்பட்டுக் கத்துவதால் பயனில்லை. என் விஷயத்தில் வேலை செய்தது அந்த இரண்டு குறுஞ்செய்திகளும் மின்னஞ்சலும்தான்.

மெக்கானிக்கின் வேலைக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருவேன்; வண்டியைப் பாதுகாத்த விதத்துக்கும், முதல் நாள் தந்த பதில்களுக்கும் ஒன்றுக்கு மேல் தர மனம் வரவில்லை. வாரண்டி இன்னும் முடியாததால் அங்கீகாரம் பெற்ற மையத்துக்குத்தான் நான் போயாக வேண்டும். பொள்ளாச்சி சாலையில் இதே தயாரிப்புக்கு வேறொரு மையம் இருப்பதால், அடுத்த சர்வீஸுக்கு அங்கே போவதாக முடிவு செய்திருக்கிறேன். "சாலைச் சோதனை பத்துக் கிலோமீட்டரைத் தாண்டுமானால் முன்கூட்டியே போனில் கேட்க வேண்டும்" என்ற வரியை ஜாப் கார்டில் எழுதச் சம்மதிப்பார்களா என்று அங்கே போனில் கேட்டேன். எழுதிக்கொள்ளலாம் என்றார்கள்.