கீமோ டே கேர்: கவுன்சிலிங்குக்கு 5 ஸ்டார், வெயிட்டிங் ஹாலுக்கு 1

ஆஸ்பத்திரி பேரு கேக்காதீங்க, போட மாட்டேன். அம்மாவுக்கு பிரெஸ்ட் கேன்சர், நாலு சைக்கிள் 'AC'ங்கிற கீமோ (அந்த செவப்பு மருந்து சேந்தது) அங்கதான் போச்சு.

மொத நாள் ஹால்ல ரெண்டரை மணி நேரம் உக்கார வச்சாங்க. பக்கத்து சீட்டு அக்கா நல்ல மனசுதான், ஆனா "மூணு நாளைக்கு கொடலே வெளிய வந்துரும்மா, பச்சத்தண்ணி எறங்காது"ன்னு விடாம கதை, அது முடியறதுக்குள்ள கவுண்டர் பையன் வந்து சைடு எஃபெக்ட் எல்லாத்தையும் மளிகை லிஸ்ட் மாதிரி படிச்சி கையெழுத்து வாங்கிட்டுப் போயிட்டான். அன்னிக்கு நைட்டு ஒரே வாந்தி. சரி, மருந்து அப்படி. ஆனா ரெண்டாவது சைக்கிளுக்கு போனப்ப ஊசியே போடல, லிஃப்ட் கதவு தொறந்து ஸ்பிரிட் வாசனை அடிச்சதுமே அம்மா முந்தானையால வாயப் பொத்திக்கிட்டாங்க.

அப்புறம்தான் கவுன்சிலிங் சிஸ்டர்கிட்ட அனுப்பினாங்க. (மொத நாளே அனுப்பியிருக்கலாம்ல?) அவங்க கேட்ட மொத கேள்வி, "என்னென்ன ஆகும்னு நெனச்சிட்டு வந்தீங்கம்மா?" அம்மா அக்கா கதைய அப்படியே ஒப்பிச்சாங்க. சிஸ்டர் பொய் சொல்லி தேத்தல. முடி கொட்டும், கவுன்ட் (ரத்த அணு எண்ணிக்கை) எறங்கும், அது நீங்க நெனச்சாலும் நெனக்காட்டியும் நடக்கும், காய்ச்சல் 100.4 தொட்டா நடுராத்திரின்னாலும் கெளம்பி வந்துரணும். ஆனா குமட்டல், அசதில பயமும் சேந்து ஏத்தி விடும், வாசனைக்கே குமட்டுறது உடம்பு பழகிக்கிட்டது, உங்க தப்பில்லன்னாங்க. டாக்டர்கிட்ட சொல்லி முந்தின நாள் நைட்டுக்கு ஒரு மாத்திரை, மூச்சுப் பயிற்சி. மூணாவது சைக்கிள்ல குமட்டல் சுத்தமா போயிடல, ஆனா மறுநாள் காலைல ஒன்றரை இட்லி எறங்குச்சு.

இப்ப டமாக்சிஃபென்ங்கிற ஹார்மோன் மாத்திரை, அஞ்சு வருஷம். ஜெர்மனில ஹார்மோன் மாத்திரை ஆரம்பிக்கிற 111 பொம்பளைங்கள ரெண்டு வருஷம் ஃபாலோ பண்ணி 2016ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, நெறைய சைடு எஃபெக்ட் வரும்னு ஆரம்பத்துலயே நெனச்சவங்களுக்கு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வந்திருக்கு. இத பெரியப்பாகிட்ட சொன்னது என் தப்பு, "பாத்தியா, எல்லாம் மனசுதான்"னு அம்மாகிட்டயே போய் சொல்லிட்டாரு. மனசு "மட்டும்"னு யாரு சொன்னா? மூட்டு வலின்னு அம்மா சொன்னா வலிதான், அத டாக்டர்கிட்ட சொல்லத்தான் செய்வோம்.

போறவங்க மொத ஊசிக்கு முன்னாடியே சிஸ்டர பாக்கணும்னு கேட்டு வாங்குங்க, பதினொரு மணிக்கு மேல ஆள் இருக்க மாட்டாங்க. ஹால்ல உக்காராம கேன்டீன் பக்கம் போயிடுங்க, டீயும் சுமாரா நல்லா இருக்கும்.