ரத்தா, மியூச்சுவலா, வழக்காடுவதா?

என் சித்தி மகளின் கல்யாண வாழ்க்கை பதினோரு மாதம்தான். நாலாவது மாதம் அலமாரியில் கிடந்த ஒரு பழைய இன்சூரன்ஸ் பாலிசியைப் பிரித்திருக்கிறாள். நாமினி இடத்தில் யாரோ ஒரு பெண்ணின் பெயர், உறவு என்ற கட்டத்தில் ‘மனைவி’. மாப்பிள்ளைக்கு ஏற்கனவே கல்யாணமாகி விவாகரத்தும் ஆகியிருந்தது. பெண் பார்க்க வந்தபோது அவர்கள் வீட்டில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பிறகு அவனுக்கு அலுவலகத்தில் ஒரு பெண்ணுடன் தொடர்பு இருப்பதும் வாட்ஸ்அப்பில் தெரிந்தது.

உயர்நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் குடும்பநல நீதிமன்றத்துக்காக அவளோடு பாரிமுனைக்கு அலைந்தவன் நான். வக்கீல் மூன்று வழிகளைச் சொன்னார். இது 1955ஆம் வருட இந்துத் திருமணச் சட்டத்தின் கணக்கு. மற்றவர்களுக்குச் சட்டம் வேறு. மூன்று வழியிலும் ‘ஒரு வருடம்’ என்று ஒன்று வருகிறது. ஆனால் அந்த வருடம் ஒவ்வொன்றிலும் வேறு வேறு நாளில் தொடங்குகிறது. எங்கள் வீட்டில் யாருக்கும் இது தெரியவில்லை.

முதலாவது ரத்து, அதாவது 12ஆம் பிரிவு. ஏமாற்றிச் சம்மதம் வாங்கியிருந்தால் கல்யாணத்தையே ரத்து செய்யச் சொல்லிக் கேட்கலாம். முந்தைய கல்யாணத்தை மறைத்தது இதற்கு வலுவான காரணம். கல்யாணத்துக்கு முன்பு இருந்த காதலை மறைத்தார் என்று போனால் பொதுவாக எடுபடாது. கல்யாணத்துக்குப் பிறகு நடந்த துரோகத்துக்கு இங்கே இடமே இல்லை. ஏமாற்று தெரியவந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனு போட வேண்டும். தெரிந்த பிறகு மனசார அவரோடு குடும்பம் நடத்தியிருக்கவும் கூடாது. எங்களுக்கு அடி விழுந்தது இங்கேதான். “ஆடி கழியட்டும், எல்லாம் சரியாயிடும்” என்று சித்தி அவளைச் சமாதானப்படுத்திப் போரூரில் இருந்த மாப்பிள்ளை வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார். அவளும் நம்பித்தான் போனாள். கிட்டத்தட்ட ஆறு மாதம் இருந்தாள். அதைக் கேட்டதும் வக்கீல் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

(முதல் மனைவியை அவன் விவாகரத்தே செய்திருக்காவிட்டால் கதை வேறு. 11ஆம் பிரிவின்படி அந்தக் கல்யாணம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது. இந்த ஒரு வருடக் கெடுவும் கிடையாது. ரத்து என்றால் ஜீவனாம்சம் போய்விடும் என்று உறவில் ஒருவர் பயமுறுத்தினார். அது அப்படியில்லை. செல்லாத கல்யாணத்திலும் நிரந்தர ஜீவனாம்சம் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றமே 2025இல் சொல்லிவிட்டது.)

இரண்டாவது வழக்காடுவது, அதாவது அவன் தப்பை நிரூபித்து விவாகரத்து கேட்பது. சித்தப்பாவுக்கு இதில்தான் ஆசை. “தப்பு பண்ணவன் அவன், கோர்ட்ல நிக்கட்டும்” என்றார். கல்யாணமாகி ஒரு வருடம் ஆகாமல் விவாகரத்து மனு போட முடியாது. அசாதாரணமான துன்பம் இருந்தால் மட்டும் தனி அனுமதி கேட்கலாம். பிறன்மனை உறவு 2018க்குப் பிறகு குற்றம் இல்லை என்றாலும், விவாகரத்துக்கு இன்றும் காரணம்தான். நிரூபிப்பதில்தான் சிக்கல். ‘மிஸ் யூ’, இதயப் படங்கள் எல்லாம் தொடர்பைக் காட்டும். அதற்கு மேல் நடந்ததைச் சூழ்நிலையை வைத்துத்தான் நிறுவ வேண்டும். தம்பதிக்குள் நடந்த பேச்சை ரகசியமாகப் பதிவு செய்திருந்தாலும் விவாகரத்து வழக்கில் சாட்சியமாக எடுக்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் எங்களிடம் இருந்தது அவன் அந்தப் பெண்ணோடு பேசியவற்றின் ஸ்கிரீன்ஷாட்கள்தான். அதையே கொடுமை என்ற காரணத்தில் சொல்வது சுலபம் என்றார் வக்கீல். அங்கேயும் அந்தப் போரூர் மாதங்கள் குறுக்கே வந்தன. ‘மன்னித்துத்தானே வாழ்ந்தாள்’ என்று எதிர்த்தரப்பு கேட்கும். மன்னித்துவிட்ட தப்பைக் காரணமாகக் காட்ட 23ஆம் பிரிவு விடாது. வாய்தா, குறுக்கு விசாரணை என்று வருடக்கணக்கில் இழுக்கும். வழக்கு நடக்கும்போதே இடைக்கால ஜீவனாம்சம் கேட்கலாம் என்பது ஒரு ஆறுதல். அவளுக்கு வயது இருபத்தெட்டு. நல்ல வேலையில் இருக்கிறாள். அந்த வருடங்களை யார் திருப்பித் தருவார்கள்?

மூன்றாவது மியூச்சுவல், அதாவது இருவரும் சம்மதித்து வாங்கும் விவாகரத்து, 13பி பிரிவு. பிரிந்து ஒரு வருடம் ஆனதும் இருவரும் சேர்ந்து மனு போட வேண்டும். ஆறு மாதம் கழித்து, பதினெட்டு மாதத்துக்குள், இரண்டாவது தடவை போய் உறுதி சொல்ல வேண்டும். அந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் தீர்ப்பு வந்தது. ஆனால் மனு போடும்போதே பிரிந்து ஒன்றரை வருடம் ஆகியிருக்கிறதா என்பது அதில் முதல் கேள்வி. குறுகிய கல்யாணத்தில் அவசரமாக வெளியே வருகிறவர்களுக்கு இந்தச் சலுகை கிடைப்பது கஷ்டம்தான். இதன் பெரிய குறை, அவன் செய்தது எந்தக் காகிதத்திலும் ஏறாது. இன்னொன்று, தீர்ப்பு வருவதற்குள் எப்போது வேண்டுமானாலும் அவன் சம்மதத்தை வாபஸ் வாங்கலாம்.

ஏமாற்று தெரிந்த அன்றே தாய்வீட்டுக்கு வந்திருந்தால் நான் ரத்துக்குத்தான் ஓட்டுப் போட்டிருப்பேன். எங்கள் நிலைமையில் மியூச்சுவல்தான் என்று சொன்னேன். சித்தப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அப்புறம் அவரே ஒரு யோசனை சொன்னார்: கொடுமை மனுவை எழுதித் தயாராக வைத்துக்கொண்டு பேச்சுவார்த்தைக்குப் போவோம். அது வேலை செய்தது. நகை, சீர்ப் பாத்திரம், கல்யாணச் செலவில் பாதி என்று எல்லாவற்றையும் ஒப்பந்தத்தில் ஏற்றினோம்.

இரண்டாவது தடவை போக இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. பட்டியலில் ஒட்டியாணம் மட்டும் வரவில்லை. அது கைக்கு வராமல் கையெழுத்து இல்லை என்று அவளே சொல்லிவிட்டாள்.