ராத்திரி மின்விசிறிக்கு யார் கரண்ட் கொடுப்பது? தூத்துக்குடி, கூடங்குளம், கமுதி

மதுரை செல்லூரில் என் சித்தப்பாவுக்கு ஒரு மாவு மில். 2012-இல் சென்னையைத் தாண்டினால் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு. ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தால் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மில்லுக்கு ஓடுவார். பேர் எழுதிய மிளகாய் டப்பாக்கள் வரிசையில் கிடக்கும். "கூடங்குளம் வந்துட்டா எல்லாம் சரியாப் போயிரும்னாய்ங்க" என்று அலுத்துக்கொள்வார்.

2013 அக்டோபரில் கூடங்குளம் அணு உலையின் மின்சாரம் கம்பியில் ஏறியது. கொஞ்ச காலத்தில் மின்வெட்டும் குறைந்தது. ஆனால் அந்தப் பேர் முழுக்கக் கூடங்குளத்துக்குப் போகக் கூடாது. அதே ஆண்டின் கடைசி நாளில்தான் தென்மாநில மின்தடம் நாட்டின் மற்றப் பகுதிகளோடு இணைந்தது. புதிய அனல்மின் நிலையங்களும் வந்து சேர்ந்தன.

இப்போது மறுபடி அணுமின் பேச்சு. 2025-இல் நாட்டின் அணுமின் திறன் சுமார் 8,800 மெகாவாட். 2047-க்குள் ஒரு லட்சம் மெகாவாட் என்பது அரசின் இலக்கு. நாட்டு மின்சாரத்தில் முக்கால் பங்குக்கு நெருக்கமாக நிலக்கரி இருக்க, அணு வெறும் மூன்று சதவீதம்தான்.

முதலில் கரியைப் பார்ப்போம். ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 700 கிராம் எரிகிறது. பழைய மின்விசிறி ஒன்று ராத்திரி பத்து மணி நேரம் சுற்றினால் அரைக் கிலோ கரி காலி. ஏசி என்றால் ஐந்து கிலோவைத் தாண்டும். ஆயிரம் மெகாவாட் நிலையம் முழு வேகத்தில் ஓட ஒரு நாளைக்குப் பதினாறாயிரம் டன்னுக்கு மேல் வேண்டும். ஒடிசாவிலிருந்து கப்பலில் தூத்துக்குடிக்கு வரும் நம்மூர்க் கரியில் மூன்றில் ஒரு பங்கு சாம்பல். என் வீட்டுச் சுற்றுச்சுவரே அந்தச் சாம்பல் கல்லில் கட்டியதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் புகையைக் கல்லாக்க முடியாதே.

கூடங்குளத்தில் அதே ஆயிரம் மெகாவாட் உலைக்கு ஆண்டு முழுவதற்கும் இருபத்தைந்து டன் அளவுக்கு எரிபொருள் போதும், இரண்டு லாரிச் சுமை. ராத்திரி, பகல், ஐப்பசி மழை எதுவும் அதற்குப் பொருட்டில்லை. கரியின் இடத்தில் அப்படியே உட்காரக்கூடியது இதுதான். இதை ஒத்துக்கொள்ளாமல் சூரியனை மட்டும் புகழ்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கூடங்குளத்துக்கான ஒப்பந்தம் 1988-இல். வேலை தொடங்கியது 2002-இல். 13,171 கோடியில் முடிய வேண்டிய முதல் இரண்டு உலைகள் 22,462 கோடியில் முடிந்தன. மூன்று, நான்காம் உலைகளுக்கு 2017-இல் கான்கிரீட் போட ஆரம்பித்தார்கள். ஓர் உலை நின்றால் ஆயிரம் மெகாவாட் ஒரே அடியாகப் போகும். இடிந்தகரை மக்கள் 2011-இல் கேட்ட கழிவுக் கேள்விக்கு, உலை வளாகத்திலேயே வைத்திருக்கிறோம் என்பதைத் தாண்டி நிரந்தரமான விடை இன்னும் இல்லை.

சின்ன உலைகள் வருமாம், 220 மெகாவாட். மதுரைப் பக்கம் வைக்கலாமே என்றார் நண்பர். வைகைத் தண்ணீரை நம்பிச் சோற்று உலையே வைக்க முடியாது, அணு உலையா?

அப்புறம் கமுதி சூரிய மின் நிலையம். மதுரையிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம். 648 மெகாவாட், சுமார் 2,500 ஏக்கர், 2016-இல் திறந்தார்கள், கட்ட ஓராண்டுகூட ஆகவில்லை. வேகத்தில் இதை அடிக்க ஆளில்லை. ஆனால் இரவையும் மேகத்தையும் கழித்தால் சராசரியாக 130 மெகாவாட்தான் தேறும். முழு வேகத்தில் ஓடும் ஒரு கூடங்குளம் உலைக்கு ஏறக்குறைய எட்டு கமுதி, இருபதாயிரம் ஏக்கர். அவ்வளவு செய்தாலும் சாயங்காலம் ஆறரைக்குக் கை விரித்துவிடும். நம் வீடுகளில் விளக்கு, கிரைண்டர், டிவி, ஏசி எல்லாம் ஒன்றாக ஓடத் தொடங்குவதோ அப்போதுதான்.

ஆகவே கமுதியைத் தனியாக எடை போடுவது தப்பு, சேமிப்போடு சேர்த்துத்தான் போட வேண்டும். இது புதுச் சரக்கும் இல்லை. மலிவான நேரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் காடம்பாறை, 400 மெகாவாட், எண்பதுகளின் கடைசியிலிருந்து ஓடுகிறது.

என் கணக்கு இது: கூடங்குளத்தில் தொடங்கி இன்னும் முடியாமல் இருக்கும் மூன்று முதல் ஆறு வரையிலான நான்கு உலைகளையும் முடிக்கட்டும், பாதியில் விட்டால் நட்டம்தான். அடுத்த பத்து ஆண்டுக்கான புதுப்பணம் சூரிய ஒளிக்கும் சேமிப்புக்கும் போகட்டும். பழைய கரி நிலையங்களை உடனே மூட வேண்டாம், சாயங்காலத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். புதிதாக ஒன்று கட்டுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை, நாற்பது ஆண்டுக் கரிக்கு அது முன்பணம்.

சித்தப்பா மில் கூரையில் சோலார் போட்டுவிட்டார். மிளகாய், மல்லி எல்லாம் பதினொன்றிலிருந்து மூன்று மணிக்குள் அரைபடுகிறது. போன வாரம் போனில், "ஏப்பா, ராத்திரி ஏசிக்கும் சேர்த்து பேட்டரி வெச்சா என்ன ஆகும்?" என்றார். விலையைச் சொன்னேன். "இன்னும் ரெண்டு வருசம் போகட்டும்" என்று வைத்துவிட்டார்.